கவலையோடு போரிட்ட கவிஞர்

பாரதியாரை வீரக் கவிஞர் என்று மேடைதோறும் முழங்கி முழங்கி நாம் அவருக்கு ஓர் அநீதி இழைத்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகின்றது. முண்டாசும் முறுக்கு மீசையும் ஊடுருவும் விழிகளும் கொண்ட அந்த உருவப்படத்தைப் பார்க்கும் மாணாக்கன், அச்சம் இன்னதென்றே அறியாமற் பிறந்த பிறவி போலும் என்று அவரை எண்ணிக் கொள்கிறான். அப்படிப்பட்டவரை வணங்கலாம், ஆனால் பின்பற்ற முடியாது. தனக்கு இல்லாத ஒன்று அவருக்கு வரமாகக் கிடைத்துவிட்டது என்ற நினைப்போடு அவன் புத்தகத்தை மூடிவிடுகிறான்.

அவர் எழுதியவற்றை வரிசையாக, எழுதிய ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அங்கே வேறொரு மனிதர் தென்படுவார். எளிதில் சோர்பவர், கடனை நினைந்து இரவில் விழித்திருப்பவர், தம்மைத் தாமே கடிந்துகொள்பவர், நடந்து முடிந்ததைத் திரும்பத் திரும்ப எண்ணி வருந்துபவர். அந்த மனிதர் தம் மனத்தோடு ஆண்டுக்கணக்காக நடத்திய வழக்கின் சாட்சியங்களே நாம் இன்று வீரப் பாடல்கள் என்று பாடிக் களிப்பவை. இதுவே என் துணிபு. அதற்குரிய காரணங்களை அவர் வாழ்க்கையிலிருந்தே சொல்ல முயல்கிறேன்.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியத்துக்கு ஐந்து வயதாகும்போதே தாயார் இலட்சுமி அம்மாள் மறைந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் நாட்டம் உடையவர். மகனும் அவ்வழியே செல்லவேண்டுமென்று விரும்பியவர். தெருவில் ஒத்த வயதுப் பிள்ளைகள் ஆடி ஓடுவதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு, புத்தகமும் கையுமாக இருக்க நேர்ந்த குழந்தை அது. பதினோரு வயதில் எட்டயபுரத்துப் புலவர் அவையில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. 1897இல், பதினான்கு வயதில், செல்லம்மாளுடன் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டே தந்தையார் காலமானார். அவர் பெரும் நம்பிக்கையோடு தொடங்கிய பருத்தி ஆலைத் தொழில் அதற்கு முன்பே நொடித்துப் போயிருந்தது. இளமையின் வாசலில் நின்ற பிள்ளைக்கு மிஞ்சியது வறுமையும், உழைத்தவர் தோற்பதைக் கண்ணெதிரே கண்ட நினைவும்.

அதன்பின் காசியில் அத்தை வீட்டில் சில ஆண்டுகள். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் சிறிது காலம். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதத் தமிழாசிரியர் பணி. அவ்வாண்டு நவம்பரில் சென்னை சுதேசமித்திரன் அலுவலகத்தில் துணையாசிரியர் வேலை. இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளவை. நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழில் அவருடைய பேனா நெருப்பாயிற்று என்பதும் யாவரும் அறிந்ததே.

நம் பொருளுக்கு முக்கியமான ஆண்டு 1908. வ. உ. சிதம்பரனார் சிறைப்பட்டார், சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டார். இந்தியா இதழுக்கு அரசுப் பதிவில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். எழுதியவர் பாரதி, சிறை சென்றவர் வேறொருவர். நண்பர்கள் வற்புறுத்தப் பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். அச்செயலைக் கோழைத்தனம் என்று நான் கருதவில்லை. சிறைக்குள் அடைபட்ட கவிஞரைவிட வெளியே எழுதிக்கொண்டிருந்த கவிஞரால் நாட்டுக்கு விளைந்த பயன் பெரிது. ஆனால் மனம் நியாயத்தை மட்டுமா கேட்கிறது? தோழர்கள் செக்கிழுக்கையில் தாம் கடற்காற்று வாங்குவதாக ஒரு குரல் அவருள்ளே அவ்வப்போது எழுந்திராமல் இருந்திருக்க முடியாது. இது என் ஊகமே. ஆயினும், 1910இல் அவர் எழுதிய கனவு என்ற தன்வரலாற்றுப் பாடலைப் படிப்பவர் இந்த ஊகத்தை முற்றிலும் தள்ளிவிட மாட்டார். இருபத்தேழு வயது இளைஞர் தம் வாழ்வு முழுவதையும் கலைந்துபோன கனவாகக் கண்டு எழுதியது அது. கற்ற ஆங்கிலக் கல்வி வீண். தந்தையின் பொருள் வீண். இளமைக் காதல் வீண் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும் துயரம். கவிதையாக அது உயர்ந்தது. மனநிலையாக நோக்கினால், எதைத் தொட்டாலும் அதன் இருண்ட பக்கத்தையே புரட்டிக் காட்டும் ஒரு பழக்கத்தின் படம் அது.

புதுச்சேரிக்குப் போனபோது அது சில மாதங்களின் விஷயம் என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். ஆனது பத்து ஆண்டுகள்.

இவ்விடத்தில், நான் இந்த வரலாற்றை எங்கிருந்து எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுவது பொருத்தமாகும். புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையில், கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாகக் கிடக்கும் மணல் நிலத்தில் ஆலங்குடா என்னும் எங்கள் ஊர் இருக்கிறது. மீன்பிடியும் தென்னையும் மரக்கறித் தோட்டமும் இந்த நிலத்தின் பிழைப்பு. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். மன்னார்ப் பகுதியிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் அவர்களும் எண்ணினார்கள். ஆண்டுகள் உருண்டன, கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் உயர்தர வகுப்புக்கு வந்தார்கள். அவர்களுக்கும், ஊரின் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாலை வேளைகளில் தமிழ் படிப்பித்தவன் நான்.

அப்பிள்ளைகளிடம் நான் கண்ட குறை அறிவுக் குறைவன்று. பரீட்சைக்கு முன்பே தோல்வியைச் சொல்லிவிடும் வாய்ப்பழக்கம். நம் ஊருக்கு இது வாய்க்காது, நம் வீட்டுக்கு அது கிடைக்காது, எதைச் செய்தாலும் முடிவு இதுதான் என்று ஒரு சொல்லடுக்கு. அதைப் பெற்றோரிடமிருந்து அவர்கள் கற்றிருந்தார்கள். பெற்றோரோ உண்மையான இழப்பிலிருந்து கற்றிருந்தார்கள். ஆகவே அதைக் கேலி செய்வதற்கும் இல்லை, அதட்டி அடக்குவதற்கும் இல்லை. பாரதியின் வீரப் பாடல்களைச் சொல்லிக் கொடுத்தபோது, ஒரு மாணவி எழுந்து, பிறவியிலேயே துணிவு உள்ளவர் துணிவைப் பாடுவதில் என்ன வியப்பு, எங்களைப் போன்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடியே நான் வீரப் பாடல்களை ஒருபுறம் வைத்துவிட்டு, கடற்கரை ஊரில் அகதியாக வாழ்ந்த பாரதியைப் படிக்கலானேன்.

அவருடைய பத்தாண்டுகள் எப்படிக் கழிந்தன? இந்தியா இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையாதபடி தடுக்கப்பட்டு, 1910இல் நின்றுபோயிற்று. கடிதங்கள் வழியிலேயே பிரித்துப் பார்க்கப்பட்டன. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆஷ் துரை சுடப்பட்ட பின்னர், புதுச்சேரித் தெருக்களில் ஒற்றர் நடமாட்டம் பெருகியது. வீட்டு வாடகை நின்றது. மளிகைக் கடன் ஏறியது. செல்லம்மாள் இரவலாகப் பெற்ற அரிசியை அவர் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் இரசித்துச் சொல்கிறோம். அரிசியை இரந்து வாங்கிவந்த அம்மையாரின் நெஞ்சம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்பதையும் இடையில் ஒரு கணம் நினைத்துக்கொண்டு சொன்னால் நல்லது. கவிஞரின் மகிழ்ச்சிக்கு வீட்டில் வேறொருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

1915 ஜூலையில் அவர் சித்தக்கடல் என்ற பெயரில் எழுதிவைத்த நாட்குறிப்பு ஒன்று உண்டு. பாரதி நூல்களில் இதைப் போல் என்னைப் பிடித்து நிறுத்திய எழுத்து வேறில்லை. அதில் பராசக்தியோடு அவர் நேருக்கு நேர் வழக்காடுகிறார். குழந்தையின் காய்ச்சல், வீட்டுச் செலவு, தீராத கடன் எல்லாம் அங்கே வருகின்றன. இந்தக் கவலைகளை நீக்காவிட்டால் நாத்திகனாகிவிடுவேன் என்று தாயை மிரட்டவும் செய்கிறார். அதே மூச்சில் தம் மனத்தின் சோம்பலையும் பயத்தையும் எடுத்துக் கண்டிக்கிறார். உலகத்துக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டதன்று. ஒரு மனிதன் தன் அச்சங்களைக் காகிதத்தில் இறக்கிவைத்து, அவற்றை முகத்துக்கு முகம் பார்த்த இடம் அது.

பிற்காலத்தில், 1960களில், ஆரன் பெக் என்ற அமெரிக்க மனமருத்துவர், சோர்வுற்றோரின் உள்ளத்தில் தாமாகவே எழும் இருண்ட எண்ணங்களைக் கண்டுபிடித்து, எழுதிவைத்து, அவை உண்மைதாமா என்று ஆராயப் பயிற்றும் ஒரு மருத்துவ முறையை வகுத்தார். பாரதிக்கு அம்முறை தெரிந்திருக்க வழியில்லை. எண்ணம் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் வரை அது எசமானன். எழுத்தில் வந்து நின்றுவிட்டால் அது வெறும் ஒரு கட்சிக்காரன். இதைத் தம் அனுபவத்தாலேயே அவர் உணர்ந்திருந்தார் என்று சொல்லலாம்.

மனத்தோடு அவர் பேசிய விதம் ஒரே மாதிரியானதன்று என்பதையும் கவனித்தல் வேண்டும். மனத்திற்குக் கட்டளை என்ற சிறு பாடலில் அவர் அதிகாரி. அலையும் மனத்துக்கு இனி நீ என் சொற்படி நட என்று ஆணை பிறப்பிக்கிறார். மனப் பெண் என்ற பாடலிலோ முற்றும் வேறான குரல். விடச் சொன்னதையே போய்ப் பற்றுவதும், பழகிய புண்ணையே தடவிக் கொண்டிருப்பதும், புதியதை ஆசைப்படுவதும் அதே புதியதைக் கண்டு நடுங்குவதுமான மனத்தின் இயல்புகளை, மிகுந்த பொறுமையோடு, ஒரு வைத்தியர் நோய்க்குறிகளைப் பட்டியலிடுவது போல, சொல்லிக்கொண்டே போகிறார். முடிவில் தண்டனை இல்லை. அந்தப் பெண்ணை மேம்படுத்தித் தாமும் உய்யப் போவதாக உறுதி மட்டுமே இருக்கிறது. அதட்டலும் வேண்டும், அன்பும் வேண்டும்; எது எப்போது என்பதே தந்திரம். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்து வகுப்பில் படிக்கவேண்டுமென்பது என் வேண்டுகோள்.

புதுச்சேரி மணக்குள விநாயகர்மீது பாடிய நான்மணிமாலை நாற்பது பாடல்களிலும் இதே வேலை நடக்கிறது. பொருளும் புகழும் கேட்பதைவிட, கவலையின் பிடியிலிருந்து விடுதலை கேட்பதே அங்கு மேலோங்கி நிற்கிறது. கடவுளை வணங்கும் பாட்டில் இடையிடையே தம் நெஞ்சை அழைத்துப் புத்தி சொல்லிவிட்டு, மறுபடியும் கடவுளிடம் திரும்புகிறார். புதிய ஆத்திசூடிக்கு வாருங்கள். ஔவையின் வழியில் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட நூற்றுப்பத்துக் கட்டளைகள். முதற் கட்டளையே அச்சத்தை விடச் சொல்வது. ஔவையார் அறத்திலிருந்து தொடங்கினார். பாரதி பயத்திலிருந்து தொடங்கினார். பயந்தவனால் அறமும் செய்ய இயலாது என்பதைக் கண்டவருக்கே அந்த வரிசை தோன்றும்.

கட்டளையும் வேண்டுதலும் மட்டும் போதுமா? போதா. இதிலேதான் பாரதியின் வழி, இன்று விற்பனையாகும் வெற்றி நூல்களின் வழியிலிருந்து பிரிகிறது. அவர் மனத்துக்கு வேலை கொடுத்தார். வறுமையின் உச்சத்திலேதான் பகவத்கீதையைத் தமிழாக்கினார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை 1912இல் வெளியிட்டார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அந்தக் கடற்கரையில் பிறந்தவை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தைத் தமிழில் தர முயன்றார். நாளொன்றுக்கு இத்தனை பக்கம் என்று வேலை இருக்கிற மனத்தில், பழைய புலம்பலுக்கு இடம் குறுகிவிடுகிறது.

இன்னொன்று, பார்வையைப் பயிற்றியது. காட்சி என்ற வசன கவிதையில், காற்றில் ஆடும் இரண்டு கயிற்றுத் துண்டுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் வைத்து அவற்றின் காதலை வேடிக்கை பார்க்கிறார். வேறு வேலையற்றவரின் விளையாட்டாக எனக்கு இது ஒரு காலத்தில் தோன்றியதுண்டு என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். கடன்காரன் கதவைத் தட்டும் வீட்டில், கண்ணெதிரே தொங்கும் ஒரு கயிற்றின்மீது முழுக் கவனத்தையும் வைப்பது எத்தனை கடினமான பயிற்சி என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்.

1916 நவம்பரில் புதுச்சேரியைப் பெரும்புயல் தாக்கியது. அதற்குச் சில நாள் முன்னரே பாரதி குடும்பம் வேறு வீட்டுக்கு மாறியிருந்ததால் உயிர் தப்பியது. புயலின் பேரோசையைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார், அதில் வியப்பில்லை. அடுத்து எழுதியதுதான் வியப்பு. ஊரைச் சுற்றிலும் மரங்கள் சாய்ந்து கிடக்க, சாயாமல் நின்ற ஒரு சிறு தென்னந்தோப்பைக் கண்டு, பிழைத்த தென்னந்தோப்பு என்று தலைப்பிட்டுப் பாடினார். விழுந்த மரங்களை அவர் மறைக்கவில்லை. அழிவைச் சொல்லிவிட்டுத்தான் நிற்பதைச் சொல்கிறார். ஆலங்குடாப் பிள்ளைகளுக்கு இப்பாடலை விளக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தென்னையையும் காற்றையும் அறிந்தவர்கள் அவர்கள். எத்தனை மரம் விழுந்தது என்று எண்ணியவன், எத்தனை நிற்கிறது என்றும் எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது தோட்டக்காரனின் கணக்கு. இரண்டில் ஒன்றை விட்டால் கணக்குப் பிழை.

இவ்வளவும் சொன்னபின், பாரதி வென்றுவிட்டார் என்று முடித்துவிடலாமா? உண்மை அதற்கு இடம் தரவில்லை. 1918 நவம்பர் 20ஆம் நாள், புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டவர் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். சிறையிலிருந்து அரசாங்கத்துக்கு எழுதி, தம் நடத்தைக்கு உறுதிமொழி தந்தார். நிபந்தனைகளை ஏற்று டிசம்பர் 14ஆம் நாள் விடுதலையாகிக் கடையத்துக்குப் போனார். அவரைத் தெய்வமாக்க விரும்புவோர் இச்செய்தியை விரைந்து கடந்துவிடுவர். புதுச்சேரியிலேயே பற்றிக்கொண்ட போதைப் பழக்கமும் அவரை விட்டபாடில்லை. 1919இல் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி அனுப்பினார், உதவி வரவில்லை. சோர்வு அவரைத் திரும்பத் திரும்பத் தேடி வந்தது. அவரும் திரும்பத் திரும்ப எழுந்தார். ஒரே நாளில் விடிந்துவிட்ட மனம் அன்று அவருடையது; நாள்தோறும் விளக்கேற்ற வேண்டியிருந்த மனம்.

மறுகோடிக்கும் அவர் போனதுண்டு. 1920 ஜூனில் தம் நூல்கள் அனைத்தையும் நாற்பது தொகுதிகளாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் படிகளாக வெளியிடப் போவதாக அறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை நாடெங்கும் பரவும் என்று நம்பினார். பணம் வரவில்லை, திட்டம் படுத்துவிட்டது. நல்லதே நடக்கும் என்று எதிர்பார்ப்பது வேறு, நடப்பது எதுவாயினும் தன் வேலையை விடாதிருப்பது வேறு. முதலாவதில் பாரதி பலமுறை ஏமாந்தார். இரண்டாவதே அவருடைய சாதனை. மாணாக்கர் கற்கத்தக்கது அதுவே என்பேன். கொட்டிலில் வாழ்பவனுக்குக் காணியும் கல்வியும் வேண்டும். நல்லெண்ணத்தால் கூரை வேயமுடியாது. ஆனால் காணி கேட்டு மனு எழுதவும் ஒரு மனம் வேண்டியிருக்கிறதே!

கடையத்து நாட்களில், அதே 1920ஆம் ஆண்டு, அருகிலுள்ள பொட்டல்புதூரில் முஸ்லிம் மக்களிடையே இசுலாத்தின் பெருமையைப் பற்றி அவர் சொற்பொழிவாற்றினார். இச்செய்தியைச் சொன்ன மாலையில் எங்கள் வகுப்பில் ஏற்பட்ட சலசலப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதுவரை தொலைவில் இருந்தவர் அன்று பக்கத்துப் பாயில் வந்து அமர்ந்துவிட்டார்.

1920 நவம்பரில் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்து, திருவல்லிக்கேணியில் குடியேறினார். மறு ஆண்டில், தாம் தேங்காயும் பழமும் கொடுத்துப் பழகிய பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளி வீழ்த்தியது. குவளைக் கண்ணன் பாய்ந்து தூக்கி வந்தார். காயம் ஆறியது, உடம்பு தேறவில்லை. எனினும் 1921 ஜூலை இறுதியில் ஈரோட்டையடுத்த கருங்கல்பாளையத்துக்குப் போய், மனிதனுக்கு மரணம் இல்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். கேட்டவர்களுக்கு அந்த மெலிந்த உருவத்தையும் அந்தப் பொருளையும் இணைத்துப் பார்க்கச் சங்கடமாகவே இருந்திருக்கும்.

செப்டம்பரில் வயிற்றுக் கடுப்புக் கண்டது. 11ஆம் நாள் இரவு, மருந்தை மறுத்துப் படுத்திருந்தவர், ஆப்கானிஸ்தானத்து அமீர் அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போகவேண்டும் என்று அருகிலிருந்த நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் உயிர் பிரிந்தது. முப்பத்தொன்பது வயது நிறைய இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. சுடுகாடு வரை உடன் சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பர்.